எடைக்குப் போகும் வரலாறு

சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நண்பர்கள் கேட்டபோது, எதைப் பற்றி எழுதுவது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. சங்க இலக்கியம் பற்றியும் சோழர் காலக் கல்வெட்டுகள் பற்றியும் எழுத நம்மிடையே அறிஞர்கள் இருக்கிறார்கள். நான் புலவனுமில்லை, பேராசிரியனுமில்லை. ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். ஆனால் நாற்பது வருஷத்துக்கு மேலாக ஒரு வேலையை விடாமல் செய்து வருகிறேன். ஓவியக் கண்காட்சிகளில் கொடுக்கிற கேட்லாக்குகள், நான்கு இதழோடு நின்றுபோன சிற்றிதழ்கள், கையில் சுற்றி மறைந்துபோன கலகப் பத்திரிகைகள் என்று மெல்லிய தாள்களைச் சேர்ப்பதுதான் அந்த வேலை. வீட்டில் இதற்குப் பெயர் ‘அப்பாவின் குப்பை’. அந்தக் குப்பைக்குள் இருக்கும் வரலாற்றைப் பற்றித்தான் இக்கட்டுரை.

நான் 1976இல் புணேக்கு வந்தபோது கராடி வயல்காடு. இன்று மகனின் ஒன்பதாவது மாடி வீட்டு ஜன்னலில் நின்றால் கணினி நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்கள்தான் தெரிகின்றன. தூரத்தில் முளா-முட்டா ஆறு ஒரு கோடு போலத் தெரியும். இந்தப் புதிய ஊரிலும் மாறாத கடை ஒன்று உண்டு. ரத்திக் கடை. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் பழைய பேப்பர் கடை. வாரம் ஒரு தடவையாவது அங்கே போய் நிற்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. குடித்தனம் மாறும் குடும்பங்கள் இங்கே அதிகம். ஒவ்வொரு குடித்தனம் மாறும்போதும் ஒரு மூட்டை காகிதம் தராசில் ஏறுகிறது. அந்த மூட்டைகளில் மராத்தி, இந்தி, ஆங்கிலத்தோடு சில சமயம் தமிழும் இருக்கும்.

கேட்லாக் என்றால் என்ன?

கண்காட்சிக் கையேடு என்று தமிழில் சொல்லலாம். பெரிய அருங்காட்சியகங்கள் போடும் கனத்த புத்தகங்களை நான் சொல்லவில்லை. ஓவியர் தம் கைக்காசில் அச்சடித்து வாசலில் வைக்கும் நான்கு பக்க மடிப்புத் தாள். உள்ளே ஓவியங்களின் வரிசை எண், தலைப்பு, அளவு, எண்ணெய் வண்ணமா நீர் வண்ணமா என்ற குறிப்பு இருக்கும். விலைப் பட்டியல் தனித் துண்டாகச் செருகப்பட்டிருக்கும். நண்பர் ஒருவர் எழுதிய அறிமுகம் அரைப் பக்கம். கண்காட்சி ஒரு வாரம். அதன் பிறகு ஓவியங்கள் விற்று எங்கெங்கோ போய்விடும், விற்காதவை ஓவியர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்விடும். அந்த இருபது ஓவியங்களும் ஒரே சுவரில் ஒன்றாக இருந்தன என்பதற்கு அந்த நான்கு பக்கம்தான் சாட்சி.

இந்தச் சாட்சியில் ஒரு பெரிய குறை உண்டு. பல கேட்லாக்குகளில் ஆண்டு இருக்காது. இத்தனாம் தேதி முதல் இத்தனாம் தேதி வரை, காலை 10 முதல் மாலை 6 வரை என்று போட்டிருப்பார்கள். அடுத்த வாரம் வருகிறவருக்கு ஆண்டு எதற்கு என்ற நினைப்புதான். ஐம்பது வருஷம் கழித்து ஒருவர் தேடுவார் என்று அவர்கள் நினைக்கவில்லை. கிழமை போட்டிருந்தால் பஞ்சாங்கத்தை வைத்துக் கணக்குப் போட்டு ஆண்டைக் கண்டுபிடிக்கலாம். அதுவும் இல்லையென்றால், வாங்கி வந்தவர் பென்சிலால் ஓரத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு.

ஒரு வீட்டு எண்ணின் கதை

ஒரு கையேடு எவ்வளவு பேசும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 1962 ஆகஸ்டில் குஜராத்தின் பாவ்நகரில் ஒரு வீட்டில் ஓவியர்களும் சிற்பிகளும் கூடிப் பேசி ஒரு குழு அமைத்தார்கள். அந்த வீட்டின் கதவு எண் 1890. அதையே குழுவின் பெயராக வைத்துவிட்டார்கள். 1963 அக்டோபரில் தில்லி லலித் கலா அகாதெமியில் 12 பேர் சேர்ந்து நடத்திய கண்காட்சியைப் பிரதமர் நேரு திறந்து வைத்தார். கையேட்டுக்கு முன்னுரை எழுதியவர் அப்போது இந்தியாவில் மெக்சிகோ தூதராக இருந்த கவிஞர் ஆக்டேவியோ பாஸ். பின்னாளில், 1990இல், நோபல் பரிசு பெற்றவர். குரூப் 1890 நடத்திய முதல் கண்காட்சியும் அதுதான், கடைசிக் கண்காட்சியும் அதுதான்.

அந்தக் குழுவின் முன்னணியில் நின்றவர் ஜே. சுவாமிநாதன். சிம்லாவில் 1928இல் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்து தில்லியில் வாழ்ந்தவர். நம்மைப் போல வெளிமாநிலத் தமிழர்தான்! குழு கலைந்த பிறகு 1966இல் ‘காண்ட்ரா 66’ என்ற சிறு பத்திரிகையை நடத்தினார். கலை உலகில் எல்லோரும் ஒத்துக்கொண்டதை எதிர்த்துக் கேட்கும் பத்திரிகை. சில இதழ்களே வந்தன. பிறகு அவர் போபாலில் பாரத் பவனின் ரூபங்கர் அருங்காட்சியகத்தை உருவாக்கி, பழங்குடி ஓவியர்களின் படைப்புகளை நவீன ஓவியங்களுக்குச் சமமாக வைத்தார். பாரத் பவன் 1982இல் திறக்கப்பட்டது. அந்தக் கட்டடத்தைப் பலரும் அறிவார்கள். அந்தச் சிந்தனைக்கு விதை போட்ட மெல்லிய இதழைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

இன்னொரு கையேடும் சொல்ல வேண்டும். பரோடாவில் இருந்த பூபேன் கக்கர் கணக்குத் தணிக்கை படித்தவர். எண்களோடு வாழ்ந்தவன் என்ற முறையில் அவர்மேல் எனக்குத் தனிப் பிரியம். 1972இல் பம்பாயில் நடந்த தம் கண்காட்சிக்கு அவர் போட்ட கையேட்டில், விளம்பரப் படங்களையும் சினிமாக் கதாநாயகர்களையும் கேலி செய்து தாமே வேஷம் கட்டிப் படமெடுத்துப் போட்டார். கேட்லாக்கே ஒரு கலைப்படைப்பாகிவிட்டது. இவரும் குலாம் முகம்மது ஷேக்கும் சேர்ந்து 1969 முதல் 1973 வரை பரோடாவிலிருந்து ‘விருஷ்சிக்’ என்ற பத்திரிகையை நடத்தினார்கள். தேள் என்று பொருள். பெயரிலேயே கொடுக்கு!

சைக்ளோஸ்டைல் காலம்

இது இந்தியாவில் மட்டும் நடந்ததில்லை. அமெரிக்காவில் 1964இல் லாஸ் ஏஞ்சலஸ் ஃப்ரீ பிரஸ், 1965இல் பெர்க்லி பார்ப், லண்டனில் 1966இல் இண்டர்நேஷனல் டைம்ஸ் என்று மாற்றுப் பத்திரிகைகள் கிளம்பின. போரை எதிர்த்தும், பெரியவர்கள் சொன்ன ஒழுங்கை எதிர்த்தும் இளைஞர்கள் நடத்தியவை. அவற்றுக்குள் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. ஒரு பத்திரிகையில் வந்ததை மற்றது காசு கொடுக்காமல் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். அதனால் ஓர் ஊரில் எழுதியது மறு ஊரில் பரவியது.

ஆனால் நாம் அவர்களைப் பார்த்துத்தான் செய்தோம் என்று யாராவது சொன்னால், தேதிகளை எடுத்து வைத்துப் பேசலாம். 1961இலேயே மலாய் ராய் சௌத்ரி முதலானோர் ‘பசித்த தலைமுறை’ என்ற பெயரில் துண்டுத்தாள்களை வெளியிடத் தொடங்கிவிட்டார்கள். வங்காளிகளான அவர்களின் முதல் தாள் பாட்னாவில் ஆங்கிலத்தில் அச்சானது; அங்கே வங்காளி அச்சகம் கிடைக்கவில்லை. 1964இல் கைது, ஆபாச வழக்கு, கீழ்க்கோர்ட்டில் 200 ரூபாய் அபராதம், 1967இல் உயர்நீதிமன்றத்தில் விடுதலை. ஒரு துண்டுத்தாளுக்கு அரசாங்கம் கொடுத்த மரியாதை அது! அலகாபாத்தில் அரவிந்த் கிருஷ்ண மெஹ்ரோத்ரா 1965இல், கல்லூரி மாணவராக இருந்தபோதே, நண்பர்களோடு சேர்ந்து ‘டாம் யூ’ என்ற சைக்ளோஸ்டைல் பத்திரிகையை நடத்தினார்.

நாம் வாழும் மகாராஷ்டிரத்தில் இந்த மரபு இன்னும் பழையது. 1950களின் நடுவிலேயே அருண் கொலாட்கர், திலீப் சித்ரே முதலானோர் ‘சப்த’ என்ற மராத்திச் சிற்றிதழைக் கையால் உருட்டி வெளியிட்டார்கள். பிறகு அசோக் சஹானே 1963இல் ‘அசோ’ தொடங்கினார். ராஜா டாலே போன்ற தலித் எழுத்தாளர்கள் சிற்றிதழ்களில் எழுதிப் பழகி, பிறகு 1972 ஆகஸ்ட் 15 அன்று நம் புணேயில் வெளிவரும் ‘சாதனா’ வார இதழின் சிறப்பிதழில் சுதந்திரத்தின் வெள்ளிவிழாவையே கேள்வி கேட்டு எழுதியது பெரிய புயலைக் கிளப்பியது. தலித் பேந்தர்ஸ் இயக்கம் பிறந்ததும் அந்த ஆண்டே. கொலாட்கர் 2004இலும் சித்ரே 2009இலும் காலமானது இதே புணேயில். நாம் தினமும் பஸ்ஸில் போகும் ஊர்தான். பக்கத்தில் நடந்ததைப் பார்க்காமலே நம்மில் பலர் முப்பது வருஷம் வாழ்ந்துவிட்டோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நம் தமிழில்

ஒளித்துக் கடத்திய பத்திரிகை என்றால் தமிழில் முதலில் சொல்ல வேண்டியது பாரதியின் ‘இந்தியா’. 1908இல் சென்னையில் வழக்குப் பாய்ந்ததும் புதுச்சேரிக்குப் போய், பிரெஞ்சு ஆட்சி எல்லைக்குள்ளிருந்து 1910 வரை வெளிவந்தது. பிரிட்டிஷ் பகுதிக்குள் நுழைந்த பிரதிகள் தபாலிலேயே பிடிபட்டன. அதில் வந்த கருத்துப் படங்களைத் தேடித் தொகுத்து ஆ. இரா. வேங்கடாசலபதி 1994இல் நூலாக்கினார். யாரோ சிலர் அந்தப் பிரதிகளை வைத்திருந்ததால்தான் அது முடிந்தது.

பிற்காலச் சிற்றிதழ்கள் போலீஸுக்குப் பயந்து ஒளிந்தவை அல்ல. சந்தைக்கு வெளியே நின்றவை. சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் ‘எழுத்து’ தொடங்கி 1970 வரை நடத்தினார். புதுக்கவிதைக்கு இடம் கொடுத்து, 1962இல் ‘புதுக்குரல்கள்’ என்ற முதல் தொகுப்பையும் போட்டார். புத்தகங்களைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். 1968இல் சேலத்திலிருந்து சி. மணியும் நண்பர்களும் நடத்திய ‘நடை’, 1970இல் சென்னையிலிருந்து ஞானக்கூத்தன், சா. கந்தசாமி, ந. முத்துசாமி முதலானோர் கூடி நடத்திய ‘கசடதபற’ என்று வரிசை தொடர்ந்தது. வல்லினத்தின் ஆறு எழுத்தையே பெயராக வைத்து, தன்னை ‘வல்லின மாத ஏடு’ என்றே சொல்லிக்கொண்டது. வெளிமாநிலத்தார் நாம் பெருமைப்படலாம், ‘கணையாழி’யை 1965இல் கி. கஸ்தூரிரங்கன் தொடங்கியது தில்லியில்தான்.

கேட்லாக்கையும் சிற்றிதழையும் ஏன் ஒரே அலமாரியில் வைக்கிறாய் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. இரண்டையும் செய்தவர்கள் ஒரே கூட்டத்தார் என்பதுதான் பதில். ஓவியர் கே.எம். ஆதிமூலம் 1969இல் காந்தி நூற்றாண்டுக்காக நூறு கோட்டோவியங்கள் வரைந்தவர். அவரேதான் சிற்றிதழ்களுக்கும் கவிதை நூல்களுக்கும் கோடுகளும், புது மாதிரித் தலைப்பெழுத்துகளும் வரைந்து கொடுத்தவர். கே.சி.எஸ். பணிக்கரும் நண்பர்களும் பாட்டிக் துணிகள் விற்ற காசில் நிலம் வாங்கி 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினார்கள். அதற்கு முன்பே, 1961இல், சென்னை ஓவியர் சங்கத்தின் சார்பில் ‘ஆர்ட்ரெண்ட்ஸ்’ என்ற சிறு இதழைத் தொடங்கிவிட்டார்கள். தாள்தான் முதலில் வந்தது, கிராமம் பிறகு வந்தது. தாளைத் தொலைத்தால், கிராமம் எப்படி வந்தது என்பதும் தொலைந்து போகும்.

சேர்த்தவர்கள்

இப்படிப்பட்ட தாள்களைக் காப்பாற்றியவர்கள் பெரும்பாலும் அரசாங்கமோ பல்கலைக்கழகமோ அல்ல, தனி மனிதர்கள். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். அந்தத் தொழிலுக்காகச் சென்னை வந்தபோது மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் வாங்கத் தொடங்கியவர், நிறுத்தவே இல்லை. புத்தகம் மட்டுமா? நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, சினிமாப் பாட்டுப் புத்தகம், நின்றுபோன பத்திரிகை எல்லாம். அவர் 1992இல் காலமானபோது சேர்ந்திருந்தது சுமார் ஒரு லட்சம். சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, வெளிநாட்டுக்குக் கொண்டு போகாமல் சென்னையிலேயே வைக்க ஏற்பாடு செய்தது. 1994இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பிறந்தது. இன்று தரமணியில் இருக்கிறது. அவர் புத்தகம் வாங்கிய மூர் மார்க்கெட் 1985இல் தீயில் அழிந்துவிட்டது. ஆனால் அங்கிருந்து அவர் எடுத்து வந்தவை பிழைத்தன.

புணேயிலும் அப்படி ஒருவர் இருந்தார். தினகர் கேல்கர். இறந்துபோன மகன் ராஜாவின் நினைவாக விளக்கு, பாக்குவெட்டி, மைக்கூடு என்று வீட்டுச் சாமான்களைச் சேர்த்து அரசிடம் ஒப்படைத்தார். நாம் விருந்தாளிகளைக் கூட்டிப் போகும் ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகம் அதுதான். மும்பையில் எழுத்தாளர் அம்பை 1988இல் நிறுவிய ‘ஸ்பாரோ’ பெண்களின் வாழ்க்கையைப் பேசும் ஆவணங்களைச் சேர்த்து வருகிறது. கணவர் வேலை நிமித்தம் வந்து ஊரில் ஒன்றும் சாதிக்க முடியவில்லை என்று அலுத்துக்கொள்ளும் நம் சகோதரிகள் அதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

அண்ணாச்சியின் மூட்டைகள்

இனி என் கதைக்கு வருகிறேன். இந்தப் பழக்கத்தை எனக்கு ஏற்படுத்தியவர் ராஸ்தா பேட்டில் குடியிருந்த ஒரு திருநெல்வேலிக்காரர். எல்லோருக்கும் அண்ணாச்சி. ஞாயிற்றுக்கிழமை ஜூனா பஜாரில் பழைய பேப்பர் குவியலுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்துவிடுவார். பால கந்தர்வ ரங்கமந்திரின் ஓவியக்கூடத்தில் என்ன கண்காட்சி நடந்தாலும் போய்க் கையேடு வாங்கி வருவார். ஓரத்தில் பென்சிலால் ஆண்டை எழுதி ஒரு வரி குறிப்பும் போடுவார். ஒன்றில் இப்படி இருக்கிறது: “நல்ல மழை. மூணு பேர்தான் இருந்தோம். பையன் கண்ணு கலங்கிட்டு.” எந்தப் பத்திரிகை விமர்சனத்தில் இது வரும்?

அவர் காலமானபோது நான் சென்னையில் என் தங்கை வீட்டில் இருந்தேன். திரும்பி வரப் பதினெட்டு நாள் ஆகிவிட்டது. பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்து, வீட்டைக் காலி செய்து, இரண்டு வாரத்தில் திரும்ப வேண்டிய அவசரம். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு எது கசடதபற, எது காலண்டர் என்று எப்படித் தெரியும்? நாம்தானே சொல்லிக் கொடுக்கவில்லை. நான் போனபோது மதினி மட்டும் இருந்தார்கள்.

“தம்பி, உங்க அண்ணாச்சி சேத்து வச்ச கடுதாசி எல்லாம் போயிட்டு. இந்த ரெண்டு மூட்டை மாடிப்படிக்கு அடில கெடந்துச்சு. நீங்களாச்சும் எடுத்துட்டுப் போங்க.”

கடைக்கு ஓடினேன். டெம்போ முந்தின நாளே போய்விட்டது. முப்பது வருஷச் சேகரிப்பில் எனக்குக் கிடைத்தவை அந்த இரண்டு மூட்டைதான். சில மாதம் முன்பு ஓவியக் கல்லூரி மாணவி ஒருத்தி, யாரோ சொல்லி என்னைத் தேடி வந்தாள். 1980களில் புணேயில் தனிக் கண்காட்சி நடத்திய பெண் ஓவியர்களைப் பற்றி ஆராய்ச்சி. மூட்டையில் இருந்த கேட்லாக்குகளைப் பரப்பி வைத்து நாள் முழுக்க எழுதிக்கொண்டாள். நான்கு பெயர்கள் அவளுக்குப் புதியவை. போகும்போது, “பாக்கி எங்கே அங்கிள்?” என்று கேட்டாள். என்ன பதில் சொல்வது?

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. 2004 ஜனவரியில் இதே புணேயில் பண்டார்கர் ஆய்வு நிறுவனம் சூறையாடப்பட்டபோது வருந்தினோம். அந்த அழிவுகளைச் செய்தவர்கள் யாரோ. அண்ணாச்சியின் அலமாரியை அழித்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. நேரமில்லாதவர்கள், அவ்வளவுதான். எனக்கு அதுதான் அதிகம் பயமாக இருக்கிறது.

என்ன செய்யலாம்?

அனுபவத்தில் கற்றதைச் சொல்கிறேன். பழைய தாளில் குண்டூசியும் ரப்பர் வளையமும் வைக்காதீர்கள். ஒன்று துருப்பிடிக்கும், மற்றது உருகி ஒட்டிக்கொள்ளும். கிழிந்ததை செல்லோடேப் போட்டு ஒட்டவே கூடாது, லாமினேஷனும் வேண்டாம். இதழை மடிக்காமல் படுக்க வையுங்கள். புணே மழைக்காலத்தில் சுவரை ஒட்டி அலமாரி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஆண்டு இல்லாத தாளில் பென்சிலால் ஆண்டை எழுதுங்கள். பேனா வேண்டாம். முடிந்தவற்றை ஸ்கேன் செய்யுங்கள், ஆனால் செய்த கையோடு தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது, யாருக்குக் கொடுப்பது என்பதை நாம் இருக்கும்போதே முடிவு செய்வது. என் மகன் நல்லவன்தான். ஒருநாள், “அப்பா, உங்களுக்கப்புறம் இதெல்லாம் நான் என்ன பண்றது?” என்று நேரடியாகவே கேட்டான். முதலில் கோபம் வந்தது. பிறகு, அண்ணாச்சியின் பிள்ளைகள் கேட்காத கேள்வியை இவன் கேட்டானே என்று சந்தோஷப்பட்டேன். இருவரும் உட்கார்ந்து பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறோம். நான் தமிழில் சொல்கிறேன், அவன் கணினியில் ஏற்றுகிறான். தமிழ் இதழ்கள் சென்னைக்கு. மராத்திக் கேட்லாக்குகள் இங்கேயே ஒரு கலைக் கல்லூரிக்கு. பட்டியல் போடும் சாக்கில் அவன் இருநூறு தமிழ்ப் பெயர்களை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டான்!

கடைசியாக ஒரு வேண்டுகோள். சங்க மலர் என்று நாம் வெளியிடுகிறோமே, இதுவும் அந்த வகைத் தாள்தான். கடையில் விற்பதில்லை, நூலகத்துக்குப் போவதில்லை. விழா முடிந்து வீட்டுக்கு எடுத்துப் போய், இரண்டு வருஷம் டீப்பாய்க்குக் கீழே கிடந்து, தராசில் ஏறும். புணேத் தமிழர் எப்படி வாழ்ந்தோம், எந்த நாடகம் போட்டோம், எந்தப் பிள்ளை கோலப்போட்டியில் பரிசு வாங்கியது என்பதற்கெல்லாம் வேறு சாட்சி கிடையாது. உங்கள் வீட்டில் பழைய மலர்களோ, பொங்கல் விழா நோட்டீஸோ இருந்தால் எடைக்குப் போடும் முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். இந்த மலரின் முதல் பக்கத்திலும், இன்றைக்கே, பென்சிலால் ஆண்டை எழுதி வையுங்கள்.